சர்க்கரை வந்த புதிதில்: உடம்பில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால் என்ன செய்வது

சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உடம்பில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம் வந்துவிடுகிறது. சப்பணமிட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போனால் முன்பெல்லாம் உதறிவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். இப்போது ‘நரம்பு போயிடுச்சோ’ என்று மனம் கேட்கும். சிறுநீரில் நுரை தெரிந்தால் கிட்னி, கண் முன்னால் ஒரு புள்ளி மிதந்தால் பார்வை, இடது தோள் வலித்தால் இதயம். போதாக்குறைக்கு, விசாரிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் கால் எடுத்த பெரியப்பா ஒருவர் கைவசம் இருப்பார்.

இந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சர்க்கரை கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் எல்லாவற்றையும் தொடக்கூடிய நோய்தான். ஆனால் நாள் முழுக்க உடம்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தச் சேதம் முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதில்லை. விழித்திரைப் பாதிப்பும் சிறுநீரகப் பாதிப்பும் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் வருபவை. அவற்றைக் கண்டுபிடிக்க பரிசோதனைதான் வழி. அதனால், வந்த பயம் சரியா தவறா என்று உங்களுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். அளக்க முடிந்ததை உடனே அளந்துவிட்டு, மீதிக்கு ஒரு தேதி குறித்துவிடுங்கள். அதை எப்படிச் செய்வது என்றுதான் கீழே எழுதியிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு வரும் டைப் 2 சர்க்கரையை மனதில் வைத்து எழுதியது இது. கர்ப்பிணிகள், டைப் 1 உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அளவுகள் வேறு. அவர்கள் டாக்டர் சொன்னதையே எடுத்துக்கொள்ளட்டும்.

யோசிக்கும் முன் விரலைக் குத்துங்கள்

படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தலை லேசாவது, காரணம் தெரியாத பதற்றம். இது பயத்தால் வந்ததா, சர்க்கரை இறங்கியதால் வந்ததா? உள்ளிருந்து பார்த்தால் சொல்லவே முடியாது. சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. பயப்படும்போதும் அதையேதான் சுரக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி இருப்பதில் ஆச்சரியமில்லை. வேறு நோய் உள்ளவர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது: வீட்டில் வைத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தத்தில் ஐந்தாறு நொடியில் பதில் கிடைத்துவிடும்.

70-க்குக் கீழே காட்டினால் லோ சுகர். சுமார் 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 டீஸ்பூனைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70 வரவில்லையென்றால் அதையே இன்னொரு முறை. ஏறியபிறகு இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிடலாம். சாக்லேட், கிரீம் பிஸ்கட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அவசரத்துக்கு உதவாது. வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதையே தாமதப்படுத்துபவை. ஆகவே அவர்களுக்குக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர்தான் சரி. ஒரு பாக்கெட் வீட்டிலும், கொஞ்சம் கைப்பையிலும் இருக்கட்டும்.

எல்லோருக்கும் லோ ஆகாது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்க்ளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும்தான் அந்த வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் எடுத்து, வேளாவேளைக்குச் சாப்பிடுபவருக்கு அது மிக அரிது. உங்கள் சீட்டில் எது இருக்கிறது என்று பார்த்தாலே பாதி பயம் போய்விடும். பிரஷருக்காகவோ இதயத்துக்காகவோ அடெனலால், மெட்டோபிரலால் எடுப்பவர்களுக்கு லோ ஆகும்போது படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. ஆகவே திடீர் வியர்வை என்றாலே மீட்டரை எடுங்கள்.

புதிதாக மருந்து தொடங்கியவர்களை அதிகம் குழப்புவது வேறொன்று. மாதக்கணக்கில் 300-லேயே இருந்த சர்க்கரை 130-க்கு வந்ததும், லோ ஆனது போலவே உடம்பு நடுங்கும், பசிக்கும், வியர்க்கும். மீட்டரோ 130 என்று காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. உயர்ந்த அளவுக்குப் பழகிவிட்ட உடம்பு சரியான அளவையே குறைவு என்று நினைக்கிறது. சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். இதற்குச் சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொண்டால் பழகவே பழகாது.

கையில் மீட்டர் இல்லாதபோது, பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ, இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு எடுப்பவருக்கு இப்படி வந்தால் முதலில் சர்க்கரையை வாயில் போட்டுக்கொள்ளுங்கள், அளப்பது அப்புறம். ஆனால் வீட்டில் மீட்டரை வைத்துக்கொண்டே ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று தினம் இனிப்பு சாப்பிடுவதும், லோ ஆகிவிடும் என்ற பயத்தில் இன்சுலினைக் குறைப்பதும் வேறு கதை. அந்தப் பயத்தை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்தை மாற்றவும் நேரத்தை மாற்றவும் அவருக்கு வழி இருக்கிறது.

மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு விரலில் 148, அடுத்த விரலில் 132 என்று வந்தால் மிஷின் கெட்டுப்போகவில்லை. இந்த மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே சுமார் 15 சதவீதம் வரை முன்பின் இருப்பதை அனுமதிக்கிறது. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினால் எண் எகிறும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை மூடி வையுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். பயத்தில் அரை மணிக்கொரு முறை குத்தாதீர்கள். அந்தப் பதற்றமே சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றும், அதைப் பார்த்து இன்னும் பயம் வரும்.

இதற்கெல்லாம் பயப்படத்தான் வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தால் ‘மனப்பிரமையோ’ என்ற யோசனையே வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

நெஞ்சில் பாரம் அல்லது அழுத்தம், படி ஏறாமலே மூச்சிரைப்பு, குளிர்ந்து கொட்டும் வியர்வை, தாடைக்கோ கைக்கோ மேல்வயிற்றுக்கோ பரவும் வலி. சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம், ஏனென்றால் வலியைச் சொல்ல வேண்டிய நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ‘வாயுதான்’ என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பது நம் ஊரில் நிறையப் பேர் செய்யும் தவறு. பதற்றத்தால் வரும் நெஞ்சுப் படபடப்பும் இப்படியே இருக்கும் என்பது உண்மைதான். இரண்டையும் பிரிக்க இசிஜி வேண்டும், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பிரிக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்கள். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் அங்கேயே வைக்கப்பட்டிருக்கின்றன.

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராதது, பேச்சு குழறுவது பக்கவாதத்தின் அறிகுறிகள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துவைத்துப் போய்ச் சொல்லுங்கள். லோ சுகரிலும் பேச்சு குழறலாம் என்பதால், ஆம்புலன்ஸ் வரும் வரை உள்ள நேரத்தில் விரலைக் குத்திப் பார்ப்பதும் நல்லது.

சர்க்கரை 250, 300 என்று ஏறி, கூடவே வாந்தி, வயிற்றுவலி, வேகமாகவோ ஆழமாகவோ இழுத்துவிடும் மூச்சு, மயக்கமான தூக்கம் இருந்தால் அதுவும் அவசரம். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு மீட்டர் எண் அவ்வளவு ஏறாமலேயே இந்த நிலை வரலாம். எண்ணைப் பார்த்து ஏமாறாமல், ‘இந்த மாத்திரை எடுக்கிறேன்’ என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

யாராவது லோ சுகரில் நினைவிழந்து கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

அவசரம் இல்லாதவற்றுக்கு நாள் குறியுங்கள்

மேலே சொன்னவை எதுவும் இல்லை என்றால், உங்களிடம் நேரம் இருக்கிறது. எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.

அன்றைக்கே காட்ட வேண்டியவை: காலில் புண், கொப்புளம், நிறமாற்றம். ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருப்பது. கண்ணில் திடீரென்று புள்ளிகள் மழையாக இறங்குவது, திரை விழுந்தது போலிருப்பது. காய்ச்சலோடு வரும் நீர்க்கடுப்பு. இதில் காலைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலிக்கிற புண்ணுக்கு நாமே ஓடிவிடுவோம். உணர்ச்சி குறைந்த காலில் வலிக்காத புண்தான் ஆபத்து. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வந்து, ராத்திரி பாதத்தில் கொப்புளத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. சுட்டதே தெரிந்திருக்காது.

அடுத்த சில நாட்களில் டாக்டரிடம் நேரம் வாங்கிக் காட்ட வேண்டியவை: இரண்டு பாதமும் எரிவது, குறையாத வறட்டு இருமல், கணுக்கால் வீக்கம், பிறப்புறுப்பில் அரிப்பு, கையைத் தூக்க முடியாத தோள்வலி, தொடர்ந்து தெரியும் நுரை. இவற்றுக்கு நாட்காட்டியில் ஒரு தேதி போடுங்கள். அந்தத் தேதிக்குள் கூடினால் முன்னதாகவே போகலாம். தேதி இல்லாத கவலைக்கு முடிவே கிடையாது. தேதி இருந்தால் ‘வியாழக்கிழமை கேட்கப்போகிறேன்’ என்று மனதுக்குப் பதில் சொல்லலாம்.

மதமதப்பில் மட்டும் ஒரு சின்ன அடையாளம் உதவும். சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு வழக்கமாக இரண்டு கால் விரல்களிலும் தொடங்கி, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மேலே ஏறும். ராத்திரியில் அதிகம் தெரியும். பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, உதட்டைச் சுற்றியும் கைவிரல் நுனியிலும் குறுகுறுக்கும். மூச்சு நிதானமானதும் சில நிமிடங்களில் போய்விடும். உடம்பின் ஒரு பாதி மட்டும் திடீரென்று மரத்தால் அது 108.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

புதிதாக ஒன்று முளைத்தால் முதல் கேள்வி: சமீபத்தில் ஏதாவது மருந்து புதிதாகச் சேர்ந்ததா, அளவு கூடியதா? புதியவர்களின் பயங்களில் பெரும்பகுதிக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் வாரங்களில் வயிறு உப்பும், பேதியாகும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். வருடக்கணக்கில் எடுக்கும்போது பி12 வைட்டமின் குறைந்து கால் மரக்கலாம். அதைச் சர்க்கரை நரம்புக்கோளாறு என்று நினைத்து மனம் உடைபவர்கள் உண்டு, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், வைத்தியமும் சுலபம். பிரஷருக்கான அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். பார்ப்பவர் கிட்னி என்று பயப்படுவார். எனலபிரில், ராமிபிரில் வறட்டு இருமல் தரும். கொழுப்புக்கான ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி தரும். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டபாக்லிஃப்ளோசின் வகை, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றைக் கொண்டுவரலாம். வெட்கப்பட்டு மாதக்கணக்கில் சொல்லாமல் இருப்பார்கள். டாக்டருக்கு இது தினம் பார்க்கும் விஷயம்.

பார்வை மங்குவதும் இந்தப் பட்டியலில் சேரும். சிகிச்சை தொடங்கிச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர்ச்சத்து மாறி, எழுத்து கலங்கும். சில வாரங்களில் நிலைப்படும். அதற்குள் ஓடிப்போய் புதுக் கண்ணாடி போட்டால் அடுத்த மாதம் அது பொருந்தாது. விழித்திரைப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

காரணம் மாத்திரைதான் என்று தோன்றினாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். போன் செய்து கேளுங்கள்.

காத்திருக்கும் நாட்களில்

இப்போது ஒரு நிமிடம் இடது உள்ளங்காலை மட்டும் கவனியுங்கள். ஏதோ குறுகுறுப்பு, ஒரு சூடு, ஒரு துடிப்பு தெரிகிறதல்லவா? படிக்கத் தொடங்கியபோது அது தெரிந்திருக்காது. கவனம் எங்கே போகிறதோ அங்கே உணர்வு பெரிதாகும். அதனால் டாக்டரைப் பார்க்கும் நாள் வரை காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை மட்டும் அந்த அறிகுறியைப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள்: எங்கே, எவ்வளவு, நேற்றைவிடக் கூடியதா குறைந்ததா. நடுவில் தடவுவது, அழுத்துவது, கண்ணாடியில் பார்ப்பது வேண்டாம். எழுதிவைத்த தாள் டாக்டருக்கும் உதவும்.

கைபேசியில் தேடுவதை முழுக்க விட முடியாது, தெரியும். ஒரே ஒரு முறை, பகலில், டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள மட்டும் தேடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினால் கிடைப்பதெல்லாம் கால் எடுத்த பெரியப்பாக்கள்தான். அந்த நேரத்தில் விழிப்பு வந்தால், இன்சுலின் போடுபவர்கள் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். தூக்கத்தில் லோ ஆனால் வியர்வையும் கெட்ட கனவும் காலையில் தலைவலியும் வரும். எண் சரியாக இருந்தால் கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

கவலை விடாமல் அரித்தால் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கலாம். சாயங்காலம் 15 நிமிடம், தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எல்லாப் பயத்தையும் எழுதுங்கள். மற்ற நேரத்தில் வந்தால் ‘ஆறு மணிக்குப் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிவையுங்கள். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் மனநல சிகிச்சையில் பயன்படுத்தும் முறை இது. படபடப்பு வரும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள்: நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது போதும். மீட்டர் எண் சரியாக இருந்து, ஆபத்து அறிகுறியும் இல்லாதபோதுதான் இது.

டாக்டர் முன்னால் ஐந்து நிமிடம்

கூட்டமான ஓபியில் அதற்குமேல் கிடைப்பது கடினம். அதிகம் பயமுறுத்தும் விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எல்லாம் பேசி முடித்து, கதவருகே போய் ‘டாக்டர், இன்னொண்ணு...’ என்று திரும்பினால் அதற்கு நேரம் இருக்காது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சித்த மருந்து, சூரணம், கஷாயம் உட்பட. ‘எனக்கு கிட்னி போயிருமோன்னு பயமா இருக்கு டாக்டர்’ என்று பயத்தையே சொல்லலாம். அறிகுறியை மட்டும் சொன்னால் அவர் அறிகுறிக்கு மட்டும் பதில் சொல்வார்.

கிளம்பும் முன் மூன்று கேள்வி: இது எதனால் இருக்கலாம்? என்ன ஆனால் உடனே வர வேண்டும்? அப்படி ஆகாவிட்டால் மறுபடி எப்போது காட்ட வேண்டும்? பதிலைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும்.

பரிசோதிக்காமலேயே ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று அனுப்பிவிட்டால், எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால் இன்னொரு டாக்டரிடம் காட்டுவதில் தவறே இல்லை. பரிசோதித்து, விளக்கியும் சொல்லிவிட்டார் என்றால் அதே கேள்விக்கு நாலாவது டாக்டர் வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்கள்

‘ஒண்ணும் இல்ல, மனசப் போட்டுக் குழப்பிக்காத’ என்பார் ஒருவர். ‘ஐயோ, அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது’ என்பார் இன்னொருவர். இரண்டாலும் உபகாரம் இல்லை. நன்றாக இருக்கும் நாளில் ஒருவரை மட்டும் உட்காரவைத்து மீட்டரைக் கையாளவும், குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்பதையும், எதற்கு 108 என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பயம் வந்தால் அவர் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. ‘சுகர் பாத்தாச்சா? என்னைக்கு டாக்டர்கிட்ட போறோம்?’ என்று கேட்டால் போதும்.

வருடத்துக்கான பரிசோதனைகள்

பயத்தை நீண்ட நாளுக்குக் குறைப்பது இதுதான். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை. வருடத்துக்கு ஒரு முறை, கண்மணியை விரித்துப் பார்க்கும் விழித்திரைப் பரிசோதனை, பாதப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), கொழுப்பு, சிறுநீரில் அல்புமின் (கிட்னி பாதித்தால் கசியும் புரதம்). எல்லாவற்றையும் பிறந்தநாள் மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. நுரையைப் பார்த்து யூகிப்பதற்குப் பதில், சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 30-க்குக் கீழ் என்ற தாள் கையில் இருக்கும். ஒருவேளை கூடுதலாக வந்தாலும் ஒரே முடிவை வைத்துக் கலங்க வேண்டாம். காய்ச்சல், நீர்த்தொற்று, கடும் உடற்பயிற்சிகூட அதைத் தற்காலிகமாக ஏற்றும். அதனால் சில மாதங்களுக்குள் மறுபடி எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். செலவு யோசனை என்றால் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரும் பணியாளரிடம் சந்தேகமும் கேட்கலாம்.

பயமே பெரிதாகிவிட்டால்

பரிசோதனையெல்லாம் சரி என்று வந்த பிறகும் தூக்கம் போவது, வேலைக்குப் போக முடியாதது, தனியாக வெளியே கிளம்ப அஞ்சுவது, நாளுக்குப் பலமுறை விரலைக் குத்துவது வாரக்கணக்கில் நீடித்தால், அதற்கும் வைத்தியம் உண்டு. சர்க்கரையோடு வாழ்பவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிட அதிகம் வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்ததே. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கும்போது சர்க்கரை இருப்பதையும், எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். சில மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். தெரிந்தால் அவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார், அல்லது அடிக்கடி சர்க்கரை பார்க்கச் சொல்வார். அவர் கொடுத்த சீட்டை அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.